பன்னிரண்டரை மணிச் சோறு

ராட்டினக் கூண்டின் கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. கதவென்றால் டமால் என்றோ கிரீச் என்றோ ஏதாவது சொல்லித்தானே மூட வேண்டும், இந்தச் சிங்கப்பூரில் எல்லாமே வாயைப் பொத்திக்கொண்டு நடக்கிறது, ரயில் வருவது தெரியவில்லை, பஸ் நிற்பது தெரியவில்லை, இந்த ராட்டினம்கூடச் சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே மங்கையர்க்கரசி கையிலிருந்த போனைப் பார்த்தாள். இரண்டே முக்கால். அங்கே பன்னிரண்டே கால். வந்து இறங்கிய நாளிலிருந்து இதே வேலையாகப் போய்விட்டது அவளுக்கு, மணியைப் பார்ப்பது, இரண்டரை மணி நேரத்தைக் கழிப்பது, திண்டுக்கல்லில் இந்நேரம் மகன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைப்பது. குளிப்பாட்டியிருப்பார்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். இன்னும் பதினைந்து நிமிஷத்தில் இல்லத்தில் சாப்பாட்டு மணி அடிப்பார்கள், தட்டு வைப்பார்கள், சோறு போடுவார்கள். சாப்பிடுவான். சாப்பிட மாட்டான். இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும், மூன்றாவதாக ஒன்று இல்லை, ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து மனசு மூன்றாவதாக ஒன்று இருக்குமா என்று தேடிக்கொண்டே இருக்கிறது. "இங்கிட்டு வாடி, கப்பலெல்லாம் தெரியுது பாரு," என்று சௌந்தரம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கூப்பிட்டாள். மங்கையர்க்கரசி நடுவில் இருந்த பெஞ்சில் ரெஜினாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெஜினாவின் போனிலிருந்துதான் இவள் போனுக்கு நெட் வர வேண்டும். ரெஜினா எழுந்து நாலடி நடந்தாலே இவளுக்கு மூச்சு முட்டியது.

இன்றைக்கு அவளுக்கு அறுபது. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள ஆள் இல்லை. கணேசமூர்த்தி ஆறு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "அறுபதாங் கல்யாணத்துக்குத்தான் புருஷன் வேணும், பாஸ்போர்ட்டுக்கு போட்டோ போதும், கெளம்புடி," என்று சொன்னவள் சௌந்தரம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்று பேர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மதுரையையும் மெட்ராஸையும் கோர்த்துவிட்டவர்கள். சௌந்தரம் அப்போதும் இப்படித்தான், சிரித்தே காரியத்தை முடித்துவிடுவாள். ரெஜினா சிரிக்க மாட்டாள், முடித்துவிட்டு வந்து சொல்வாள். டிக்கெட் போட்டது ரெஜினா. இல்லத்தைத் தேடிப் பிடித்தது ரெஜினா. இந்தச் சுடிதாரை வாங்கிக்கொடுத்ததும் அவள்தான், ஷால் எதற்கு, ஏறி இறங்க இடைஞ்சல் என்று அதையும் வாங்காமல் விட்டுவிட்டாள். அறுபது வயதில் முதல் சுடிதார். தலையை விரித்து ஒரு கிளிப், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. காலையில் ஓட்டல் கண்ணாடியில் பார்த்தபோது யாரோ வெளியூர்க்காரி நிற்கிறாள் என்றுதான் தோன்றியது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது, பிடித்திருந்ததே என்று உடனே ஆத்திரமும் வந்தது. தோள் வெறிச்சென்று இருக்கிறது. வீட்டில் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி நாலு நாளாய் அந்தத் தோளைத் தடவிக்கொண்டே அலைகிறாள்.

கீழே சாலைகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. கூண்டின் அந்தக் கோடியில் ஒரு வயதான சீனத் தம்பதி, அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த அம்மாளுக்குக் கொடுத்தார், அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான், பேச்சே இல்லை. தண்ணீர் குடிப்பதில் என்ன இருக்கிறது, உலகத்தில் எல்லாரும்தான் குடிக்கிறார்கள், ஆனால் பாட்டிலைத் திறந்து தாங்களே வாயில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு இன்றைக்கும் ஒரு நிமிஷம் ஆச்சரியமாக இருக்கும். நந்தகுமார் குடிக்க மாட்டான். முப்பத்தோரு வயது, எண்பத்து நாலு கிலோ, தினமும் சவரம் செய்யாவிட்டால் முகம் முள்ளாகிவிடும், அவ்வளவு அடர்த்தி. பிறக்கும்போது அழவில்லை. பிறந்த குழந்தை அழவில்லையே என்று நர்ஸ் பெரிய டாக்டரைத் தேடிக்கொண்டு ஓடினாள், அவள் ஓடித் திரும்பிய நேரத்தில் மூச்சில்லாமல் மூளைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கு மூன்று வயது ஆனபோது மங்கையர்க்கரசி வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தாள். நடப்பான், பிடித்துக்கொண்டால். சிரிப்பான், நன்றாகவே சிரிப்பான். ஒரே ஒரு வார்த்தை பேசுவான், அதற்கே ஒன்பது வருஷம் ஆயிற்று, ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து "ம்மா" என்றான், கையில் ரசத்தோடு அவள் அப்படியே நின்றுபோனாள். அதற்கப்புறம் பசித்தாலும் ம்மா, வலித்தாலும் ம்மா, மின்விசிறி நின்றாலும் ம்மா. வேறு யாரையும் அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை, அப்பாவைக்கூட. கணேசமூர்த்தி எத்தனையோ நாள் அவன் முன்னால் உட்கார்ந்து "ப்பா சொல்லுடா, ஒரு தடவை" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆ காட்டு. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளைக்கு முப்பது நாற்பது வாய், முப்பத்தோரு வருஷம், ஆ காட்டு, ஆ காட்டு தங்கம், இன்னொரு ஆ. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து மேலே ஒரு துண்டு அப்பளத்தை நொறுக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் உதட்டை இறுக்கிக்கொள்வான். முந்தானையை இடுப்பில் செருகக் கூடாது, தொங்கவிட வேண்டும், சாப்பிட்டு முடித்ததும் அந்த முந்தானையைத் தானே எடுத்து வாயைத் துடைத்துக்கொள்வான். அவன் தன் கையால் தனக்கென்று செய்துகொள்கிற காரியம் அது ஒன்றுதான். அதனாலேயே வீட்டில் சுங்குடி தவிர வேறு சேலை கட்ட மாட்டாள், சின்னாளப்பட்டி நூல் சேலை, துடைத்தால் உறுத்தாது. அவன் கடித்த தழும்பு ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது. அந்த விரலை இப்போது கட்டைவிரலால் தடவிக்கொண்டே அவள் ஐப்பசி மாசத்து அந்தக் காலையை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அது நிற்குமா. குளியலறை. அவனைத் தூக்கி நிறுத்தும்போது கால் வழுக்கியது. அவன் மேலே, அவள் கீழே, மணிக்கட்டு உள்ளே ஏதோ மளுக்கென்றது. அவன் சிரித்தான், அம்மா விளையாடுகிறாள் என்று. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு பசி வந்தது. காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணிக்குத் தண்ணீர் கேன்காரர் வந்து கதவைத் தட்டுகிறவரை இரண்டு பேரும் ஈரத்தரையில் கிடந்தார்கள், அவன் ம்மா ம்மா என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான், முறிந்த கையை. வலி பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் செத்துக் கிடந்திருந்தாலும் இப்படித்தான் இழுத்துக்கொண்டிருப்பான். ஒரு நாள், இரண்டு நாள், நாற்றம் வெளியே போய் யாராவது கதவை உடைக்கிறவரை, பக்கத்தில் உட்கார்ந்து கையை இழுத்துக்கொண்டே, பசியோடு.

அன்றிலிருந்து கோயிலுக்குப் போனால் அவள் வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்று. எனக்கு ஒரு நாள் முன்னால் அவனை எடுத்துக்கொள். ஒரே ஒரு நாள் போதும். எந்தத் தாயாவது இப்படிக் கேட்பாளா என்று முதல் தடவை நாக்குக் கூசியது, அப்புறம் கூச்சம் போய்விட்டது, பால்காரரிடம் அரை லிட்டர் கூடக் கேட்பதுபோலக் கேட்கப் பழகிவிட்டாள். ரெஜினாவிடம் ஒரு நாள் இதைச் சொன்னாள். ரெஜினா கேட்டுக்கொண்டு போய், பத்தாம் நாள் பழனி ரோட்டில் இருக்கும் அந்த இல்லத்தின் விலாசத்தோடு வந்தாள். சுத்தமான இடம், பன்னிரண்டு பேர், பெரிய பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள், ஒரு படுக்கைதான் காலி. வார்டன் புஷ்பம் ஒளிவுமறைவு இல்லாதவள். "அஞ்சு நாள் விட்டுட்டுப் போங்க. எங்க கையால சாப்பிட்டான்னா ஆயுசுக்கும் இங்கயே இருக்கட்டும். சாப்பிடலன்னா எங்களால முடியாது, குழாய் போட்டு ஏத்துற எடம் இல்ல இது. ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு, திங்கக்கிழமைக்குள்ள எனக்குப் பதில் தெரியணும்." அந்த அஞ்சு நாளைக்கு ஊரிலிருந்தால் இவள் இரண்டாம் நாளே இல்லத்து வாசலில் போய் நிற்பாள் என்று ரெஜினாவுக்குத் தெரியும், அதனால்தான் பிறந்தநாள், அதனால்தான் கடல் தாண்டி, அதனால்தான் ராட்டினம். இன்றைக்குத் திங்கட்கிழமை.

வியாழக்கிழமை அவனைக் கொண்டுபோய் விட்டபோது துவைக்காத நீலச் சுங்குடி ஒன்றை, வெள்ளைப் புள்ளி போட்டது, முதல் நாள் முழுக்க உடுத்தியிருந்தது, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். வாசனைக்கு. வியாழன் ஒரு வாய்கூட இறங்கவில்லை. வெள்ளியன்று பால் மட்டும், அதுவும் பாதியைத் துப்பிவிட்டான். சனிக்கிழமை இரண்டு வாழைப்பழம். நேற்று மத்தியானம் தட்டைத் தட்டிவிட்டு, மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டானாம். அவனைக் கவனிக்கிற அழகம்மா போனில் சொன்னபோது அவள் குரலே உடைந்திருந்தது. முகத்தைக் காட்டினால் ஏங்கிப் போய்விடுவான் என்று வார்டன் வீடியோவில் பேசவிடவில்லை. மங்கையர்க்கரசி கடற்கரைத் தீவு ஒன்றில், பொம்மைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டாள், கேட்டுவிட்டு டிக்கெட்டை மாற்று, இப்பவே மாற்று என்று ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், ஜனம் திரும்பிப் பார்த்தது. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறு. அப்பவும் சாப்பிடலன்னா நானே மாத்தித் தர்றேன். இப்ப ஓடிட்டீன்னா இனி எந்தக் காலத்துலயும் முடியாதுடி." அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் சொன்னாள், அழகம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு. "தலகாணிக்குக் கீழ இருக்குல்ல, அந்தச் சேலையை நீங்க கட்டிக்கிட்டு ஊட்டிப் பாருங்க. முந்தானையைத் தொங்கவிட்டுக்கங்க. ஆ காட்டு தங்கம்னு சொல்லுங்க. மெதுவா சொல்லணும்." "அடுத்தவுக கட்டுன சேலையாச்சேக்கா, நீங்க ஒண்ணும் நெனைக்க மாட்டீகல்ல?" என்றாள் அழகம்மா. நான் என்ன நினைக்கப்போகிறேன் என்றாள் இவள்.

என்ன நினைக்கப்போகிறேன். நேற்று ராத்திரி முழுக்க நினைத்ததே அதுதான். பக்கத்துக் கட்டிலில் சௌந்தரம் குறட்டை விட, இவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட வேண்டும், முருகா, அவன் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கிடந்தாள், அதைச் சொல்லும்போதே அடியில் இன்னொன்று ஓடியது, அதை முதலில் அவள் கேட்காத மாதிரி இருந்தாள். எக்ஸ்சேஞ்சில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் கோர்த்துவிட்டு, "பார்ட்டி லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும், காதில் விழுந்தாலும் கேட்கக் கூடாது. ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். பம்பாயிலிருந்து ஒரு பெண், இங்கே நத்தத்தில் அவளுடைய அம்மா, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அழுதுகொண்டே இருந்தார்கள், மூன்று நிமிஷம் ஆயிற்று, ஆறு நிமிஷம் ஆயிற்று, இவள் லைனை வெட்டவில்லை, சூப்பர்வைசரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். அந்த மாதிரி நேற்றும் கேட்காமல் இருக்க முடியவில்லை. சாப்பிட வேண்டாம். அதுதான் அடியில் ஓடிய பேச்சு. சாப்பிடாதே நந்து. வேறு எவளோ என் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் ஏமாந்துவிடாதே, உனக்குத் தெரியும், உனக்குத் தெரியாதா, உதட்டை இறுக்கிக்கொள், தட்டைத் தட்டிவிடு, அம்மா வந்துகொண்டே இருக்கிறேன். நாலு நாளாய்ப் பட்டினி கிடக்கிற பிள்ளை இன்னொரு நாள் கிடக்கட்டும் என்று நினைக்கிறவள் தாயா. குளியலறைத் தரையில் கிடந்தபோது எதற்குப் பயந்தாளோ அதையே இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள், சாப்பிடாவிட்டால் அந்தப் படுக்கை ஒட்டன்சத்திரத்துப் பிள்ளைக்குப் போய்விடும், பிறகு வேறு இல்லம் எங்கே, இன்னும் எத்தனை வருஷத்துக்கு எண்பத்து நாலு கிலோவை இந்தப் பிளேட் வைத்த கை தூக்கும், தெரியும், எல்லாம் தெரியும், தெரிந்தும் கேட்டாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"உச்சிக்கு வந்துட்டோம்!" என்று சௌந்தரம் கூவினாள். "அடியே பொறந்தநாள்காரி, எந்திரி, கேக்கை எடுக்கட்டா?" கூண்டுக்குள் எதுவும் தின்னக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு துண்டு கேக்கை டிஷ்யூ தாளில் சுற்றிக் கைப்பையில் கர்ச்சீப்புக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள் அவள். "கொஞ்சம் பொறு, மணி ஆகட்டும்," என்றாள் ரெஜினா. மங்கையர்க்கரசி எழுந்து நின்று பார்த்தாள். கடல் பூரா கப்பல், நிற்கிறதா போகிறதா தெரியாத கப்பல்கள். இவ்வளவு உயரத்தில் அவள் நின்றதே இல்லை. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை, ஓட்டலில் இட்டிலிகூட வைத்திருந்தார்கள், தொடவில்லை. அவன் சாப்பிடாமல் எப்படி இறங்கும். வாழ்நாளில் ஒரு தடவைகூட அவனுக்கு முன்னால் அவள் சாப்பிட்டதில்லை. இரண்டு ஐம்பத்தெட்டு. இரண்டு ஐம்பத்தொன்பது. இப்போது மணியடித்திருக்கும். இப்போது தட்டு. இப்போது அப்பளம், அப்பளத்தைச் சொன்னேனா, நொறுக்கிப் போட வேண்டும் என்று சொன்னேனா, சொல்லவில்லையே, ஐயோ, சொல்லவே இல்லையே, சொல்லாததில் அவளுக்கு ஒரு சின்ன நம்பிக்கை கூடவே எழுந்தது. மூன்று மணி. மூன்று ஐந்து. கூண்டு இறங்கத் தொடங்கியிருந்தது. மூன்று ஏழுக்குப் போன் அதிர்ந்தது. வீடியோ. ரெஜினா அவளை ஒட்டி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஒரு மின்விசிறி தெரிந்தது. பிறகு வார்டன் புஷ்பத்தின் முகம், உதட்டில் விரல். "சத்தம் போடாதீங்க. மொதல்ல பாருங்க." போன் திரும்பியது. சாப்பாட்டு அறையின் நீளப் பெஞ்சு. பின்பக்கமாக ஒரு பெண், நீலச் சுங்குடி, வெள்ளைப் புள்ளி, கொண்டை. ஒரு நொடி மங்கையர்க்கரசிக்குத் தன்னையே யாரோ பின்னால் நின்று படமெடுத்த மாதிரி இருந்தது. அந்தக் கொண்டைக்கு அப்பால் நந்தகுமார். சவரம் செய்யாத முகம், கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவன் வாயைத் திறந்தான். கை போனது. மூடினான், மென்றான், தலையை ஆட்டிக்கொண்டே மென்றான், பிடித்தால் அப்படித்தான் ஆட்டுவான். "ரெண்டாவது தட்டு," என்று வார்டனின் குரல் கிசுகிசுத்தது. "ஆ காட்டு தங்கம்," என்றாள் சேலை கட்டியவள், மெதுவாக, சொல்லிக்கொடுத்த மாதிரியே. காட்டினான். அப்பளம் இல்லை. மங்கையர்க்கரசி நன்றாக உற்றுப் பார்த்தாள், தட்டில் அப்பளமே இல்லை. இல்லாமலே தின்றான். அப்புறம் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, தொங்கிய முந்தானையை எடுத்து, உதட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்துக்கொண்டான்.

"இப்ப பேசுங்க," என்று வார்டன் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மங்கையர்க்கரசி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "நந்தூ," என்றாள். "தங்கம். அம்மாடா. அம்மா பேசுறேன்." அவன் பார்த்தான். டிவி ஓடும்போது எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான், அவள் தலைமுடியை, கழுத்தை, பின்னால் தெரிந்த கண்ணாடியையும் வானத்தையும். "நந்து, இங்க பாரு, அம்மாவைப் பாரு, ஆ காட்டு." புறங்கையால் போனைத் தள்ளிவிட்டான், ஈயை ஓட்டுகிற மாதிரி, கோபமெல்லாம் இல்லை. பக்கத்தில் இருந்த நீலச் சேலையின் தோளில் தலையைச் சாய்த்து, "ம்மா," என்றான்.

ரெஜினாவின் விரல்கள் தோளில் இறுகியது தெரிந்தது. மங்கையர்க்கரசி அழவில்லை, அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வார்டனின் முகம் மறுபடி வந்தது, சந்தோஷமாக இருந்தது, அது நல்ல முகம், அதன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. "பாத்தீங்களா? பொழச்சான். எடத்த இவனுக்கே வச்சிரட்டுமா? ஒட்டன்சத்திரத்துக்காரங்க ஆபீஸ்லதான் உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்." இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், வீட்டுக்கு வந்து சேலை கட்டிக்கொண்டால் தெரிந்துவிடும் அவனுக்கு, தெரியாமல் எங்கே போகும், முப்பத்தோரு வருஷம். ஈரத்தரை. கையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. "வச்சிருங்க," என்றாள். யாரோ சொன்ன மாதிரித்தான் இருந்தது.

"யக்கா," என்று அழகம்மா போனுக்குள் முகத்தை நுழைத்தாள். வேர்த்திருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர், சிரிப்பு. "சாப்ட்டுட்டான்க்கா! ஒங்க சேலைதான்க்கா சாப்பிட வச்சது. ஒண்ணையே எத்தன நாளைக்குக் கட்டுறது, இன்னும் நாலஞ்சு இருந்தா கொண்டாந்து குடுங்க. பழசாக் குடுங்க, புதுசுன்னா கண்டுபிடிச்சிருவான்." தருகிறேன் என்றாள் இவள். பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கிறது, பச்சை, அரக்கு, அந்த மஞ்சள், கணேசமூர்த்தி வாங்கிக்கொடுத்த மாம்பழ மஞ்சள், மடித்து வைத்தபடியே இருக்கிறது. அழகம்மா போனை வைக்கப்போய், நினைவு வந்தவளாகத் திரும்பக் காதில் வைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா நெனைச்சுக்காதீக யக்கா. நீங்க பாக்க வர்றப்ப இந்தச் சுடிதாரிலயே வாங்க. ரெண்டு பேரையும் சேலையில பாத்தான்னா கொழம்பிருவான், மறுபடியும் சாப்பாட்ட நிறுத்திட்டான்னா என்ன செய்யிறது?" அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படித்தான் செய்ய வேண்டும், அதுதான் சரி, இவளே யோசித்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். "சரி, அழகம்மா," என்றாள். "அப்பளம் நொறுக்கிப் போட்டா இன்னும் நல்லாச் சாப்பிடுவான்." போன் அணைந்து, அதில் அவளுடைய முகம் தெரிந்தது, விரித்த தலையும் கிளிப்புமாக.

தரை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே அடுத்து ஏறுவதற்கு வரிசை நின்றது. ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள், டிரங்க் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அழுது இவள் பார்த்ததில்லை. சௌந்தரத்துக்குக் கை சும்மா இருக்காது. கைப்பையைத் திறந்து, டிஷ்யூ தாளைப் பிரித்து, நசுங்கிப்போன கேக்கை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். ஹேப்பி பர்த்டே பாடப்போனாள், பாட்டு வரவில்லை. "காலையில இருந்து ஒரு வாய் திங்கல நீ," என்றாள். "புள்ள சாப்ட்டான்ல. இனியாச்சும் தின்னு. ஆ காட்டுடி." மங்கையர்க்கரசி அவளைப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். கேக் இனிப்பாகத்தான் இருந்தது, பசிக்கு நன்றாகவே இருந்தது, மென்று விழுங்கினாள், இன்னொரு வாய் கேட்டும் வாங்கிக்கொண்டாள். உதட்டில் கிரீம் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ள முந்தானையைத் தேடிக் கை தோளுக்குப் போனது. தோளில் ஒன்றும் இல்லை.